தூக்குவாளியில் வந்த கடல் அட்டை

அனுசியாவைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். பைத்தியக்காரி என்று சிலர், திருடி என்று சிலர். முதல் பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டாவதைச் சொன்னவர்களின் வாயில் மண்ணைப் போட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். என் பெயர் பரிபூரணம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கும் பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. அனுசியா அங்கே அறிவியல் ஆசிரியை. எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். இருந்தும் அந்த விஷயத்தில் நான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது நான் பட்ட பாட்டிலேயே பெரிய பாடு.

அவள் வன்னியம்பட்டிக்காரி. வயலும் கிணறும் கண்மாயும் பார்த்து வளர்ந்தவள். கடலை முதன்முதலாகப் பார்த்தது கல்லூரியில் படிக்கும்போது, ஒரு நாள் சுற்றுலாவில். கூட வந்தவர்களெல்லாம் அலையில் குதித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, இவள் பாறை இடுக்கில் தேங்கிக் கிடந்த தண்ணீருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லையாம். பஸ் கிளம்பும்போது ஆள் அனுப்பி இழுத்து வந்திருக்கிறார்கள். பிறகு கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை ராணுவத்தில், அதுவும் ராஜஸ்தானில். "கடல் கிறுக்குப் புடிச்சவளுக்குப் பாலைவனத்துல மாப்பிள்ளை பாத்திருக்காக பாரு" என்று நான் கேலி செய்வேன். சிரிப்பாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அதற்கும் சேர்த்துத்தான் நான் கோபப்படுகிறேன் போலிருக்கிறது.

பள்ளியில் சேர்ந்த புதிதில் அவளுக்கு ஒரு விஷயம் பொறுக்கவில்லை. பிள்ளைகள் கடல் உயிர்களைப் பற்றி மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள், ஒருத்தியும் கடலைக் கண்டதில்லை. "படத்தப் பாத்து எழுதுனா மார்க்கு வரும்க்கா, கடல் வராது" என்றாள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனிகளில் கழித்துப் போட்ட துணியைக் கேட்டு வாங்கி, கம்பி வளையத்தில் கோத்து, கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பிடிக்கும் வலை தைத்தாள். அதைப் பிள்ளைகள் முதலில் கண்மாயில் இழுத்துப் பழகினார்கள். குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ராவின் அடியில் களிமண் அடைத்து ஒரு மிதவை செய்யக் கற்றுக்கொடுத்தாள். நல்ல தண்ணீரில் அது ஆழமாக முங்கும்; உப்பு கூடக் கூட மேலே எழும்பும். கல்லுப்பைக் கரைத்துக் கரைத்துப் பார்த்து, கடல் தண்ணீர் அளவு வரும் இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு. ஆளுக்கொரு மிதவை. பிள்ளைகள் வீட்டில் ரசத்திலும் மோரிலும் அதைப் போட்டுப் பார்த்துத் தாய்மாரிடம் ஏச்சு வாங்கியது தனிக்கதை.

பிறகு, வருஷத்துக்கு ஒரு முறை, வேன் பிடித்துத் தூத்துக்குடிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். அங்கே பிள்ளைகளுக்கு மூன்றே மூன்று வார்த்தைதான் சட்டம்: பாரு, தொடு, வை. கரையிலிருந்து ஒரு கைப்பிடி மண்கூட எடுத்து வரக் கூடாது. இன்னொன்றும் ஓயாமல் சொல்வாள். "புஸ்தகத்துல இருக்குன்னு நம்பாதீக. டீச்சர் சொல்லுதான்னும் நம்பாதீக. கண்ணால பாத்ததை மட்டும் சொல்லுங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து நம்பியவள் ஒருத்தி இருந்தாள். யோகேஸ்வரி. அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கோயிலுக்குப் பின்னால் வீடு. எதைச் சொன்னாலும் "நெசமாவா டீச்சர்?" என்று முறைக்கும் பிள்ளை. அவளுடைய அப்பா சங்கிலிப்பாண்டி வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர். அய்யனார் கோவிலுக்கு மேலே மலையில் ரோந்து. பல வருஷமாகத் தற்காலிக வேலை. அந்த வருஷம் நிரந்தர ஆர்டர் வந்துவிடும் என்று பேச்சு. அந்த வீடே அந்த ஒரு ஆர்டரை எதிர்பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. மனிதர் நேர்மையில் கொஞ்சம் கொடுமைக்காரர். உடும்பு பிடித்ததற்காகச் சொந்த மாமன் மகனையே அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தவர். அதிலிருந்து சொந்தக்காரர்கள் அவரை விசேஷத்துக்குக்கூட அழைப்பதில்லை.

மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. விடியும் முன்னே கிளம்பி, கடல் வற்றும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எனக்குக் கடல் என்றாலே வயிற்றைப் பிரட்டும். பிள்ளைகளுக்குத் துணைக்கு ஒரு டீச்சர் வேண்டும் என்பதால் போனேன். அங்கே ஜெபக்குமார் என்று ஓர் ஆராய்ச்சி மாணவர் எங்களுக்காகக் காத்திருந்தார். முழங்கால் தண்ணீரில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துக் காட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் குனிந்து, மணலில் கிடந்த கருப்பான ஒன்றைச் சுட்டினார். வெள்ளரிக்காய் நீளம், வழவழப்பு. அது கடல் அட்டை.

"இதைத் தொடக்கூட வேணாம், பாத்துக்கிட்டா போதும்" என்றார். "உங்க ஊர் மலையில மான் வேட்டையாடுனா என்ன கேஸோ, இதைப் புடிச்சாலும் அந்தக் கேஸ். இதைக் கடத்துற கும்பலை வாரத்துக்கு ரெண்டு தடவை புடிக்காங்க. பேப்பர்ல பாத்திருப்பீங்க." பிறகு கொஞ்சம் உற்சாகமாகி, இது பயந்துவிட்டால் தன் குடலையே வெளியே கக்கிவிடும், பிறகு உள்ளே புதுக்குடல் வளர்த்துக்கொள்ளும் என்றும் சொன்னார். பிள்ளைகள் "ஐயே" என்றார்கள். யோகேஸ்வரி மட்டும், "நெசமாவா சார்? நீங்க பாத்திருக்கீகளா?" என்று கேட்டாள். அவர் அடுத்த உயிருக்கு நகர்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அய்யனார் கோவில் ஓடைக்குக் குளிக்கப் போனால் தூக்குவாளியில் புளிச்சோறு கொண்டுபோவோம். சோற்றைத் தின்றுவிட்டு, வெறும் தூக்கோடு வீடு திரும்பக் கூடாது என்பார்கள். அதனால் பிள்ளைகள் ஓடையில் ரெண்டு மீன் குஞ்சைப் பிடித்துத் தூக்கில் விட்டுக் கொண்டுவரும். வீட்டு அண்டாவில் ரெண்டு நாள் நீந்தவிட்டு வேடிக்கை பார்த்துப் பிறகு கிணற்றில் விட்டுவிடும். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. நான்கூடச் செய்திருக்கிறேன். கடலுக்கும் பிள்ளைகள் தூக்கில்தான் காலைச் சோறு கொண்டுவந்திருந்தார்கள்.

மத்தியானம் ஊர் திரும்பிப் பிள்ளைகளை அவரவர் தெருவில் இறக்கிவிட்டோம். அனுசியா என் வீட்டில் இறங்கிக் கை கழுவிச் சோற்றில் கை வைத்தாள். போன் வந்தது. யோகேஸ்வரியின் அம்மா பாண்டிசெல்வி. கை எச்சிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள், நானும் கேட்டேன்.

"டீச்சர், பாப்பா வந்ததும் அசந்து தூங்குதா. தூக்கக் கழுவலாமுன்னு தொறந்தா, உள்ள ஒரு பிராணி கெடக்கு டீச்சர். கருப்பா, வெள்ளரிக்கா கணக்கா. தண்ணி ஒரே கவிச்சி. வாயில்லாச் சீவனாச்சே, பாவம்னு அந்தத் தண்ணியப் பாதி கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்துனேன். குடத்துல குடிக்கப் புடிச்சு வச்சிருந்ததத்தான் ஊத்துனேன். இப்ப அது வெள்ளையா என்னத்தையோ கக்குது டீச்சர். எனக்குப் பயமா இருக்கு."

எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் குழாயில் தினமும் வராது. வரும் நாளில் பிடித்து வைத்து, விருந்தாளிக்குத்தான் தாராளமாகக் கொடுப்போம். அந்தப் பெண் இருப்பதிலேயே நல்லதை எடுத்து அதற்கு ஊற்றியிருக்கிறாள். உப்பில் பிறந்த உயிருக்கு அது விஷம் என்று அவளுக்கு யார் சொன்னது?

அனுசியா தட்டைத் தள்ளிவிட்டுப் போனுக்குக் குனிந்தாள். "இனி ஒரு சொட்டுகூட ஊத்தாதீக. வெயில்ல வைக்காதீக. சங்கிலிப்பாண்டி அண்ணன் எங்க?"

"மலையில இருக்காக. இன்னைக்கு எறங்கி வருவாக. எப்ப வேணும்னாலும் வருவாக."

போனை வைத்துவிட்டு எச்சில் கையோடு எழுந்தாள். "அக்கா, கார எடுங்க."

"ஏட்டி, சோத்தத் தின்னுட்டு..."

"அவர் வீட்டுல அது இருந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா ஆர்டர் போச்சுக்கா. அவருக்கே தெரிஞ்சா, அவரே கொண்டுபோய் ஆபீஸ்ல வச்சிருவாரு. மாமன் மகன விடாதவரு மகள விடுவாரா?"

புதைத்துவிடச் சொன்னால் என்ன என்று நான் கேட்டேன். உண்மையைச் சொன்னால் அதுதான் புத்தியுள்ள யோசனை. "அது உயிரோட இருக்குக்கா" என்றாள், அவ்வளவுதான்.

மடவார் வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது யோகேஸ்வரி எழுந்து அடுப்படியில் தூக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. தூக்குக்குள் அந்த அட்டை சுருங்கி, முன்பிருந்ததில் பாதியாகக் கிடந்தது. பக்கத்தில் வெள்ளை நூல் சிக்கலாக அதன் குடல்.

"கக்குமான்னு பாக்கத்தான் டீச்சர் கொண்டாந்தேன்" என்றாள் பிள்ளை. "கண்ணால பாத்தாத்தான நம்பணும்னு நீங்க சொன்னீக. பாத்துட்டுத் திரும்ப விட்டுருவோம்னு... கடலு எங்க ஓடிப்போகப்போகுது, நாளைக்கு அப்பாகிட்ட கேட்டா கூட்டிட்டுப் போவாகன்னு நெனச்சேன். செத்துப்போச்சா டீச்சர்?"

அனுசியாவுக்கு அடி அங்கேதான் விழுந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தான் சொன்ன வார்த்தையே திரும்பி வந்ததால் அவளால் திட்ட முடியவில்லை. "சாகல. ஒன் மிதவைய எடு. கல்லுப்பு எங்க?" என்றாள்.

பாண்டிசெல்வி உப்பு ஜாடியை எடுத்து வைத்தாள். ஒரு குண்டானில் தண்ணீர் ஊற்றி, யோகேஸ்வரி உப்பைப் போட்டுக் கலக்கினாள். மிதவையை விட்டாள். முங்கியது. இன்னும் ஒரு கை உப்பு. கொஞ்சம் எழும்பியது. பிள்ளை அவசரத்தில் விட விட மிதவை சாய்ந்து சாய்ந்து விழுந்தது. சிவப்புக் கோடு தண்ணீர் மட்டத்துக்கு வந்து நின்றதும், "இதைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. ஒரேடியா ஊத்துனா அதுவும் தாங்காது" என்றாள் அனுசியா. டம்ளரில் மொண்டு, டீ ஆற்றுவதுபோல உயரத்திலிருந்து மெல்லிசாக ஊற்றச் சொன்னாள், காற்று கலக்குமாம்.

பாதி ஊற்றியிருப்போம். வாசலில் பைக் சத்தம் கேட்டது.

பாண்டிசெல்வி, "அவியதான்" என்றாள்.

அனுசியா தூக்கின் மூடியை அழுத்தி மூடினாள். நான் உப்புக் குண்டானைச் சாக்கடைப் பக்கம் தள்ளினேன். சங்கிலிப்பாண்டி காக்கிச் சட்டையோடு உள்ளே வந்து, அடுப்படியில் ரெண்டு டீச்சர்களைப் பார்த்துத் திகைத்து நின்றார். வெயிலில் காய்ந்த, ஒடிசலான மனிதர்.

"வாங்க டீச்சர். என்ன இம்புட்டு தூரம்? பாப்பா ஏதும் சேட்ட பண்ணிட்டாளா?"

நான் வாயைத் திறந்தால் உளறிவிடுவேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டேன். அனுசியாதான் பேசினாள். "இல்லண்ணே. காலைல கடல் உயிர எண்ணுன கணக்குல ஒண்ணு குறையுது. சாயங்காலமும் கடல் வத்தும். யோகேஸ்வரிதான் சரியா எண்ணுவா. அவளக் கூட்டிட்டுப் போயி சரிபாத்துட்டு வந்துருவோம். பரிபூரணம் அக்காவும் வாராக."

ஒன்று குறைகிறது என்றாளே, அதில் பொய் இல்லை. எனக்கு அந்த நேரத்திலும் அது உறைத்தது.

"இப்பவா டீச்சர்? மறுபடியும் அம்புட்டு தூரமா?" என்றவர், உடனே, "படிப்பு விசயம்னா போயிட்டு வரட்டும். நீங்க இருக்கையில எனக்கென்ன" என்றார். சொல்லிக்கொண்டே குனிந்து அந்தத் தூக்கை எடுத்தார். "வழிக்குச் சாப்பாடா? நல்ல கனமா இருக்கே. என்னத்த ஊத்தியிருக்க?"

"ரசம்" என்றாள் பாண்டிசெல்வி.

"குடுங்கண்ணே, நான்..." என்று அனுசியா கையை நீட்டினாள்.

"இருக்கட்டும் டீச்சர், நான் வைக்கேன்." அவரே முன்னால் நடந்தார். தூக்கு ஆடி ஆடி உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் எனக்குக் கேட்டது. மூடி லேசாகத் திறந்தால் போதும், கவிச்சி வாடை காட்டிக்கொடுத்துவிடும். காரின் பின்சீட்டில் அதை வைத்து, சாயாமல் இருக்கத் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுற்றி அணைகொடுத்தார். "பாத்துப் போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்தினார். யோகேஸ்வரி அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி. அந்த ரோட்டில் நான் அப்படி ஓட்டியதில்லை. என் பழைய கார் கோவில்பட்டி தாண்டியதும் புகைந்தது; அதைத் திட்டினேன், முன்னால் போன லாரியைத் திட்டினேன், பயத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். பின்சீட்டில் பிள்ளை மூடியைத் திறந்து டம்ளரால் மொண்டு மொண்டு ஆற்றிக்கொண்டே வந்தாள். எட்டயபுரத்துக்கு முன்னால் போலீஸ் ஒருவர் கை காட்டினார். காரை ஓரம் கட்டினேன். அவர் குனிந்து என் சீட் பெல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு, "போங்கம்மா" என்றார்.

"ஜெபக்குமார் தம்பிக்குப் போன் போட்டா என்னட்டி?" என்று கேட்டேன்.

"வேண்டாம்க்கா. அவனுக்குத் தெரிஞ்சா அவனும் மாட்டுவான். நாம மட்டும் போதும்."

கடற்கரையை அடையும்போது வெயில் சாய்ந்துவிட்டது. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. காலையில் நின்ற இடத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம். காரை நிறுத்தி, அனுசியா தூக்கை எடுத்துக்கொண்டு நாலு எட்டு வைத்திருப்பாள். சவுக்கு மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு ஜீப் வந்து குறுக்கே நின்றது. வனத்துறை ரோந்து. ஓர் அதிகாரியும் ஒரு காவலரும் இறங்கினார்கள்.

"இந்நேரத்துல இங்க என்னம்மா? அதுல என்ன?"

நான் "ரசம்" என்று சொல்ல வாயெடுத்தேன். கடவுள் புண்ணியத்தில் சொல்லவில்லை. காவலர் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். "சார், அட்டை!"

அந்த அதிகாரி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் புடிச்சது?"

"நா..." என்று யோகேஸ்வரி வாயைத் திறந்தாள்.

"நான் சார்" என்றாள் அனுசியா. குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. "ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூட டீச்சர். காலைல பிள்ளைகளக் கூட்டிட்டு வந்தேன். வகுப்புல காட்டலாம்னு நான்தான் எடுத்தேன். தப்புன்னு புரிஞ்சு திரும்ப விட வந்திருக்கேன். அக்கா, பிள்ளையக் கூட்டிக்கிட்டுக் கார்ல இருங்க."

பிள்ளை திமிறினாள். அவள் வாயைப் பொத்தினேன். ஆமாம், பொத்தினேன். அவள் பேர் வந்தால் அப்பன் பேர் வரும், அப்பன் பேர் வந்தால் வேலை போகும். அந்தப் பிள்ளையின் கண்ணீர் என் உள்ளங்கையெல்லாம் நனைத்தது.

"கடத்துறவன் கொண்டுபோவான். நீங்க கொண்டுவந்திருக்கீங்க. அதனாலதான் நின்னு பேசிக்கிட்டிருக்கேன்" என்றார் அதிகாரி. "படிச்சவங்க நீங்களே இப்படிச் செஞ்சா எப்படி?"

"என்ன வேணும்னாலும் செய்யுங்க சார். அதுக்கு முன்னால இதை விட்டுருவோம். நேரம் இல்ல. எந்த இடம்னு இந்தப் பிள்ளைக்குத்தான் சரியா ஞாபகம் இருக்கும்."

அவர் யோசித்தார். பிறகு காவலரைப் போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டுத் தலையாட்டினார். யோகேஸ்வரி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தாள். கடல் புல் முளைத்த ஓரிடத்தில் நின்று, தூக்கைத் தண்ணீருக்குள் சாய்த்து, மெல்ல வெளியே விட்டாள். அட்டை கல்லுபோலக் கிடந்தது. ஓர் அலை வந்து புரட்டிப் போட்டது. அப்போதும் அசையவில்லை. நான் சாமியை வேண்டிக்கொண்டேன், ஓர் அட்டைக்காக! கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை கையை அடியில் கொடுத்துத் தொட்டுப் பார்த்தாள்.

"டீச்சர், வெரலப் புடிக்கு!" என்று கத்தினாள். "புடிச்சு இழுக்கு டீச்சர்!"

அனுசியா கரையில் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும் வழியில், சாத்தூர் வந்ததும் பின்சீட்டிலிருந்து பிள்ளை கேட்டாள். "டீச்சர், நீங்க பொய் சொன்னீக."

"ஆமா, சொன்னேன்."

"கண்ணால பாத்ததத்தான் சொல்லணும்னு..."

"சொல்லணும்தான். ஆனா ஒங்கப்பாவுக்கு ஆர்டர் வார வரைக்கும் நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அதுவரைக்கும் எனக்காக வாய மூடிக்கோ." அனுசியா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். அப்படி ஒரு வார்த்தையைத் தன் வாயால் சொல்ல வேண்டி வந்ததில் அவள் எவ்வளவு நொந்தாள் என்று எனக்குத் தெரியும்.

கேஸ் போடவில்லை. ஆனால் அந்த அதிகாரி பள்ளிக்கு எழுதிவிட்டார். அனுசியாவுக்கு மெமோ வந்தது. கடல் பயணம் நின்றது. பேண்டேஜ் வலைகளைத் தலைமையாசிரியை, எங்கள் எச்செம், ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினார். செய்தித்தாளில் ஒரு மூலையில் 'கடல் அட்டையுடன் ஆசிரியை' என்று வந்தது, பேர் போடாமல். பேர் போட்டிருந்தால்கூட அவ்வளவு பரவியிருக்காது. கடைத்தெருவில் அவள் போனால் பேச்சு நின்றது. மாமியார் வீட்டில் கேட்ட கேள்விகளை எழுத மாட்டேன். அவள் தலை குனிந்து வந்து, வகுப்பெடுத்து, தலை குனிந்து போனாள். "ஏட்டி, ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த நான் சொல்லட்டுமா?" என்று தினமும் கேட்பேன். "ஆர்டர் வரட்டும்க்கா" என்பாள். அதற்குப் பிறகும் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரம். சங்கிலிப்பாண்டி புதுக் காக்கிச் சட்டையில் ஆசிரியர் அறை வராந்தாவுக்கு வந்தார். கையில் பால்கோவா டப்பா, இன்னும் சூடு ஆறவில்லை. பின்னால் யோகேஸ்வரி. "ஆர்டர் வந்துருச்சு டீச்சர்! நிரந்தரம்!" என்று ஒவ்வொருவருக்கும் இலைத்துண்டில் எடுத்துக் கொடுத்தார். கடைசியில் அனுசியாவின் முன்னால் வந்தார். கொடுத்தார். அவளும் வாங்கிக்கொண்டாள். மனிதர் நகராமல் நின்றார்.

"டீச்சர், நான் ரொம்பப் படிக்காதவன். சொல்லப்படாது. ஆனா மனசு கேக்கல. 'ஒம் மகளோட டீச்சராமே'ன்னு எங்க ஆபீஸ்ல கேக்கையில தல குனிஞ்சு நின்னேன். எம் பிள்ளைய நம்பி ஒங்ககூட அனுப்புனேன். அதுக்குப் பாரு, தொடு, வைன்னு சொல்லிக் குடுத்துட்டு, நீங்களே எடுத்தா எப்படி டீச்சர்?"

"தப்புதாண்ணே" என்றாள் அனுசியா.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "யோவ்" என்று எழுந்தேவிட்டேன். மேசைக்கு அடியில் அனுசியா என் காலை அழுத்தி மிதித்தாள்.

அப்போது யோகேஸ்வரி முன்னால் வந்தாள். "அப்பா, ஆர்டர் ஒங்க கைக்கு வந்துருச்சுல்ல?"

"பையிலதான் இருக்கு பாப்பா."

"அப்பச் சொல்லலாம்ல டீச்சர்?"

"வேண்டாம் யோகேஸ்வரி."

"ஆர்டர் வார வரைக்கும்னுதான சொன்னீக." அழவில்லை அவள். அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "அப்பா, அத எடுத்தது நான். டீச்சர் எடுக்கல. அன்னைக்கு ஒரு தூக்க நீங்களே கொண்டாந்து கார்ல வச்சு, துண்டச் சுத்துனீகள்ல? அதுக்குள்ளதான் இருந்துச்சு. ஒங்க வேலை போயிரும்னு டீச்சர் 'நான்தான் எடுத்தேன்'னு சொல்லிட்டாக."

சங்கிலிப்பாண்டி தன் வலது கையைப் பார்த்தார். "ரசம்னு சொன்னாளே ஒங்கம்மா" என்றார். பிறகு அனுசியாவைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. பால்கோவா டப்பாவை மேசையில் வைத்தார், சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"எச்செம் ரூம் எங்கன இருக்கு?"

"அண்ணே, இப்பத்தான் ஆர்டர் வந்திருக்கு" என்று அனுசியா எழுந்தாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான். "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. முடிஞ்சுபோச்சு. பிள்ளையக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

"மாமன் மகன எழுதிக் குடுத்துட்டு, மக விசயத்துல வாயப் பொத்திக்கிட்டுத் திரிஞ்சா, அவன் எம் மூஞ்சியில துப்ப மாட்டானா டீச்சர்? எச்செம்கிட்டச் சொல்லிட்டு, அங்கனயிருந்து எங்க ஆபீசுக்குப் போறேன். ரூம் எங்கன?"

அனுசியா சொல்லவில்லை. மற்ற டீச்சர்கள் தலை நிமிரவில்லை. அந்த ஆர்டரோடு அவருக்கு என்ன ஆகும் என்று எனக்கும் அப்போது தெரியாது. அந்த வீடு எத்தனை வருஷம் காத்திருந்தது என்று தெரியும். இருந்தும் நான்தான் எழுந்தேன்.

"நேராப் போயி இடது கைப் பக்கம்" என்றேன். "வாங்க, நானும் வாரேன். ஒங்க பிள்ளை வாயப் பொத்துனவ நான்தான்."

அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் அனுசியா முகத்தைப் பொத்திக்கொண்டு அழும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் போய் எச்செம் அறைக் கதவைத் தட்டினேன்.